மாட்டிக்கொண்ட இடத்தை எழுதி வையுங்கள்: மென்பொருள் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

புரோகிராமிங் கற்றுக்கொள்ள முடிவு செய்துவிட்டீர்களா? முதலில் 80 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். லேப்டாப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே நோட்டைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தத் தொழிலில் பதினைந்து வருடம் ஆனவர்கூட, தினமும் ஏதாவது ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டு முழித்தபடிதான் இருப்பார். அவர் அதை வேலையின் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்கிறார். புதிதாக வருபவரோ "எனக்கு இதெல்லாம் வராது போல" என்று மூடி வைத்துவிடுகிறார். நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் இப்படி விலகிப் போனதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கே மாட்டினோம், என்ன செய்து பார்த்தோம், எப்படி வெளியே வந்தோம் என்று தேதி போட்டு எழுதும் பழக்கம் அவர்களில் பாதிப் பேரையாவது நிறுத்தி வைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

மொழியும் கம்ப்யூட்டரும்

எந்த மொழியில் ஆரம்பிப்பது என்று கேட்டுக் கேட்டே ஆறு மாதம் ஓட்டுபவர்கள் உண்டு. கல்லூரியில் ஏற்கெனவே ஜாவாவோ சி-யோ சொல்லித்தருகிறார்கள் என்றால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை என்றால் பைதான். கைடோ வான் ராசம் 1991-ல் வெளியிட்ட மொழி அது. இலவசம், எழுதுவதும் படிப்பதும் எளிது. எதை எடுத்தாலும் ஆறு மாதம் மாற்றக் கூடாது. மூன்று வாரத்துக்கு ஒரு மொழி தாவுபவருக்கு ஐந்து மொழியிலும் முதல் பாடம் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

எஸ்எஸ்டி-யும் 8 ஜிபி ரேமும் இருக்கிற பழைய லேப்டாப் தாராளமாகப் போதும். இதற்காக வீட்டில் கடன் வாங்க வேண்டாம். போனில் பாடம் பார்க்கலாம், ஆனால் எழுதிப் பழக முடியாது. லேப்டாப் இல்லாதவர்கள் கல்லூரி லேபில் மாலை ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

முதல் புரோகிராமை வீட்டிலிருந்து எடுங்கள்

வீடியோவில் சொல்லித்தருபவர் அடிப்பதைப் பார்த்து அப்படியே அடிப்பது படிப்பு ஆகாது. மூன்றாவது நாளே உங்களுக்குத் தெரிந்த ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா வைத்திருக்கும் பால் கணக்கு, அப்பா கடையின் கடன் நோட்டு, தெருவில் போடும் ஏலச்சீட்டு, எதுவாக இருந்தாலும் சரி. சரியான விடை உங்களுக்கே தெரியும் என்பதால் தப்பு வந்தால் உடனே கண்ணில் படும்.

பால் கணக்கையே எடுப்போம். காலையில் 25 ரூபாய்க்குப் பால், மாலையில் 30 ரூபாய்க்கு. இரண்டையும் கேட்டு வாங்கிக் கூட்டிச் சொல்லும் ஒரு சின்ன புரோகிராம் எழுதுகிறீர்கள். 25 என்று அடிக்கிறீர்கள், 30 என்று அடிக்கிறீர்கள், விடை 2530 என்று வருகிறது. எந்த எச்சரிக்கையும் இல்லை. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை தப்பே நடக்கவில்லை. கீபோர்டில் அடித்ததை பைதான் எழுத்தாகத்தான் வாங்கும். இரண்டு எழுத்துத் துண்டுகளைக் கூட்டு என்றால் பக்கத்தில் ஒட்டி வைக்கும். எண்ணாக மாற்று என்று நீங்கள் தனியாகச் சொல்ல வேண்டும்.

சரி, மாற்றிவிட்டீர்கள், 55 வருகிறது. இப்போது ஒன்றும் அடிக்காமல் என்டரைத் தட்டிப் பாருங்கள். நான்கைந்து வரி பிழைச் செய்தி வந்து விழும். இங்கேதான் பலர் பயந்து திரையை மூடுகிறார்கள். மூடாதீர்கள், கடைசி வரியை மட்டும் முதலில் படியுங்கள். வேல்யூ எரர் என்று ஆரம்பித்து, முழு எண்ணாக மாற்ற முடியாத ஒன்றைக் கொடுத்திருக்கிறாய் என்று சொல்லி, அந்த வரியின் நுனியில் '' என்று இரண்டு மேற்கோள் குறிகளைக் காட்டியிருக்கும். நடுவில் ஒன்றுமில்லை. அதுதான் துப்பு: வெறுமையைக் கொடுத்திருக்கிறீர்கள். அதற்கு மேலே எத்தனையாவது வரியில் இது நடந்தது என்ற எண் இருக்கும். கடைசி வரி, அப்புறம் வரி எண், அப்புறம் அந்த வரி. எந்தப் பைதான் பிழையையும் இந்த வரிசையில் படித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இதை அப்படியே நோட்டில் எழுதுங்கள். அடித்தது என்ன, வந்தது என்ன, ஏன், எப்படிச் சரி செய்தேன். நான்கு வரி போதும்.

ஆங்கிலம் தடையாக இருக்குமோ என்று தமிழ் வழியில் படித்தவர்கள் என்னிடம் கேட்பார்கள். பிழைச் செய்திகளில் திரும்பத் திரும்ப வருவது கொஞ்சம் சொற்கள்தான். அவற்றுக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தமிழில் பொருள் எழுதி வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்தில் அந்தப் பக்கத்தைத் திருப்பவே தேவையிருக்காது. மென்பொருள் நூல்களைத் தமிழிலேயே இலவசமாக வெளியிடும் கணியம் அறக்கட்டளை போன்றவர்களும் இருக்கிறார்கள். ஒரு கருத்தைத் தமிழில் புரிந்துகொண்டு, அதன் பெயரை ஆங்கிலத்தில் தெரிந்துகொள்வது முற்றிலும் நல்ல வழி. அதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

இன்னொரு சோதனையையும் செய்து பாருங்கள். "தமிழ்" என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று பைதானிடம் கேளுங்கள். நமக்கு மூன்று. அது 5 என்று சொல்லும். த, ம, அதன் இகரக் குறி, ழ, மேலே வைக்கும் புள்ளி என்று யூனிகோட் முறையில் ஐந்து குறிகளாகத்தான் அந்தச் சொல் சேமிக்கப்படுகிறது. அதே சொல்லைத் தலைகீழாகத் திருப்பச் சொன்னால் புள்ளி முதலில் வந்து எழுத்தே சிதைந்துபோகும். பெயருக்கு 20 எழுத்துதான் இடம் என்று யாரோ ஒருவர் யோசிக்காமல் வைத்த எல்லையில் நம் ஊர்ப் பெயர்கள் பாதியில் வெட்டுப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். நாளை நீங்கள் அந்த எல்லையை வைக்கும் இடத்தில் இருப்பீர்கள். அப்போது இந்த 5 ஞாபகத்துக்கு வர வேண்டும்.

ஏஐ-யிடம் எப்போது கேட்பது

சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்தது. அதற்குப் பிறகு கற்க ஆரம்பித்தவர்களுக்கு ஒரு வசதியும் ஒரு ஆபத்தும் சேர்ந்தே வந்தன. பிழை வந்தவுடன் ஒட்டிக் கேட்டால் விடை வந்துவிடும், புரோகிராமும் ஓடிவிடும். ஆனால் மாட்டிக்கொண்டு நிற்கும் அந்த இருபது நிமிடத்தில்தான் மூளை ஏதோ கற்றுக்கொள்கிறது. அதை விட்டுக்கொடுத்தால் இன்டர்வியூவில் வெறும் திரையோடு உட்காரும்போது கை ஓடாது. முதல் ஆறு மாதம் எழுதித் தரச் சொல்லாதீர்கள். "இந்த வரி ஏன் இப்படி நடந்துகொள்கிறது, விளக்கு" என்று மட்டும் கேளுங்கள். சொன்ன விளக்கம் சரிதானா என்று ஓட்டிப் பார்த்து உறுதி செய்யுங்கள். தப்பான விளக்கத்தையும் அது அதே நம்பிக்கையோடுதான் சொல்லும்.

இதே சமயத்தில் கிட் பழகுங்கள். லினஸ் டார்வால்ட்ஸ் 2005-ல் லினக்ஸ் வேலைக்காக எழுதிய கருவி அது. எப்போது எதை மாற்றினோம் என்று பதிவு செய்து வைக்கும். குளோன், ஆட், கமிட், புஷ், புல், பிராஞ்ச் ஆகிய ஆறு கட்டளைகளும் தெரிந்தால் முதல் வேலைக்குப் போதும். பாஸ்வேர்டோ ஏபிஐ கீயோ (வேறொரு சேவையைப் பயன்படுத்தத் தரும் ரகசியக் குறியீடு) உள்ள கோப்பை மட்டும், கிட் பதிவுகளை இணையத்தில் வைக்கும் கிட்ஹப்பில் பொதுவில் ஏற்றிவிடாதீர்கள். பிறகு அழித்தாலும் பழைய பதிவில் அப்படியே இருக்கும். தப்பித் தவறி ஏற்றிவிட்டால் அந்தக் கீயையே ரத்து செய்துவிட்டுப் புதிது வாங்குவதுதான் வழி.

வேலை தேடும்போது

மற்றவர்களுக்காக மென்பொருள் செய்து தரும் சர்வீஸ் கம்பெனி, சொந்த மென்பொருளை விற்கும் ப்ராடக்ட் கம்பெனி, வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே வைத்திருக்கும் ஜிசிசி, ஸ்டார்ட்அப் என்று நான்கு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். சர்வீஸில் ஃப்ரெஷர்களை மொத்தமாக எடுத்துப் பயிற்சி தருவார்கள். ப்ராஜெக்ட் கிடைக்கும்வரை பெஞ்சில் (வேலை ஒதுக்கப்படாமல்) உட்கார வேண்டியிருக்கும். ஸ்டார்ட்அப்பில் முதல் வாரமே கையில் வேலை விழும், சொல்லித்தர ஆள் குறைவு. முதல் வேலைக்கு எது உயர்ந்தது என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. நீங்கள் எழுதிய புரோகிராமை உட்கார்ந்து படித்துத் திருத்தம் சொல்லும் ஒரு சீனியர் அங்கே இருக்கிறாரா என்பதைத்தான் இன்டர்வியூவின் கடைசியில் நீங்கள் கேட்க வேண்டும். பி.இ. படித்தால்தான் உள்ளே போக முடியும் என்பதும் இல்லை. ஸோகோ ஸ்கூல்ஸ், எச்சிஎல் டெக்பீ மாதிரி ப்ளஸ் டூ முடித்தவர்களை எடுத்துப் பயிற்சி தரும் திட்டங்கள் இருக்கின்றன. குடும்பச் சூழ்நிலையால் கல்லூரிக்குப் போக முடியாத பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

வேலை வாங்கித்தருகிறேன், டெபாசிட் கட்டு என்று யார் கேட்டாலும் கட்டாதீர்கள். நல்ல கம்பெனி வேலைக்குச் சேர உங்களிடம் பணம் வாங்காது. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைச் சரிபார்க்கக் காட்டலாம். கொடுத்துவிட்டு வராதீர்கள். இத்தனை காலம் விலக மாட்டேன் என்ற பாண்ட் இருந்தால் எத்தனை மாதம், நடுவில் விலகினால் எவ்வளவு என்ற இரண்டு வரியையும் கையெழுத்துக்கு முன் படியுங்கள்.

ஆஃபர் லெட்டரில் இருக்கும் சிடிசி (உங்களுக்காகக் கம்பெனி ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு) தொகையைப் பன்னிரண்டால் வகுத்து, அதை நம்பி வாடகைக்கு வீடு பார்த்துவிடுபவர்கள் அதிகம். ஓர் எடுத்துக்காட்டு போட்டுக் காட்டுகிறேன். சிடிசி ஆண்டுக்கு 4,00,000 ரூபாய், அதில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 2,00,000 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பேசிக்கில் 12 சதவீதம், அதாவது 24,000, இந்தத் தொகைக்குள்ளேயே இருக்கிறது. கிராஜுவிட்டி பேசிக்கில் 4.81 சதவீதம், 9,620. வேரியபிள் பே 40,000, அது வந்தால் வருடக் கடைசியில்தான். இன்சூரன்ஸ் 6,000. இவையெல்லாம் போக 3,20,380. அதிலும் உங்கள் பங்கு பி.எஃப். 24,000 பிடிப்பார்கள். மிச்சம் 2,96,380, மாதத்துக்கு 24,700 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. தொழில் வரியும் சிறிது போகும். 33,000 எதிர்பார்த்தவர் கையில் வருவது 24,500 சுற்று. பி.எஃப். உங்கள் பணம்தான், எங்கும் போகாது. ஆனால் தங்கும் விடுதிக்கு (பிஜி) அட்வான்ஸ் கட்டும் மாதத்தில் அது உதவாது. எனவே "மாதம் கையில் எவ்வளவு வரும்?" என்று ஹெச்ஆரிடம் நேராகக் கேளுங்கள். அது மரியாதைக் குறைவான கேள்வி இல்லை.

முதல் மாதம்

என் முதல் வேலையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சின்ன வேலை கொடுத்தார்கள். அந்த மென்பொருளை என் கம்ப்யூட்டரில் ஓட வைப்பதே முதல் படி. தரவுகளைச் சேமிக்கும் டேட்டாபேஸோடு இணைக்க முடியவில்லை என்று பிழை வந்துகொண்டே இருந்தது. காலையில் வந்து உட்காருவேன், தேடுவேன், மாற்றிப் பார்ப்பேன், மாலையில் எழுந்து போவேன். அவரவர் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று தினமும் சொல்லும் ஸ்டாண்ட்அப் மீட்டிங்கில் "போயிட்டிருக்கு" என்று சொன்னேன். நான்காம் நாள் பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு விபிஎன் ஆக்சஸ் இன்னும் வரலையே" என்றார். அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழைய விடும் இணைப்பு அது. பத்து நிமிடத்தில் டிக்கெட் போட்டு (கோரிக்கை பதிந்து) வாங்கிவிட்டோம். அந்த மூன்று நாளும் நான் திறமைக் குறைவால் நிற்கவில்லை. கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டதால் நின்றேன். இன்று என்னோடு வேலை செய்யும் புதியவர்களிடம் அதே "போயிட்டிருக்கு" காதில் விழுந்தால் நாற்காலியை அவர்கள் பக்கம் திருப்பிவிடுவேன்.

ஆகவே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் நீங்களே முயலுங்கள், நோட்டில் எழுதிக்கொண்டே. அப்போதும் நகரவில்லை என்றால் கேட்டுவிடுங்கள். எப்படிக் கேட்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "ஹாய், ஒரு டவுட்" என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் பார்ப்பவருக்கு அது எத்தனை நிமிட வேலை என்று தெரியாது, தள்ளிப் போடுவார். இப்படி அனுப்பிப் பாருங்கள்:

"லாகின் பக்கத்தை என் மெஷினில் ஓட்டப் பார்க்கிறேன். டேட்டாபேஸ் இணைப்பில் டைம்அவுட் வருகிறது, முழுச் செய்தி கீழே. பாஸ்வேர்டைச் சரிபார்த்தேன், டேட்டாபேஸ் முகவரியும் டாக்குமென்ட்டில் இருப்பதுதான். வேறு ஆக்சஸ் ஏதாவது வாங்க வேண்டுமா?"

என்ன செய்ய நினைத்தேன், என்ன நடந்தது, எதைச் சோதித்தேன், என்ன வேண்டும். நோட்டில் எழுதிப் பழகிய அதே நான்கு வரிதான். எழுதும்போதே விடை கிடைத்துவிடுவதும் உண்டு. நேரில் கேட்டுத் தெரிந்துகொண்டதை இரண்டாம் முறை கேட்க வேண்டியிராதபடி உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

கூப்பிடும் முறையில் தடுமாறுவீர்கள். நாற்பத்தைந்து வயது மேனேஜரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நம் வாய் வராது. பெரும்பாலான ஐடி அலுவலகங்களில் பெயர்தான் வழக்கம். பெயரைச் சொல்லி, "நீங்க" என்று பேசுங்கள், மரியாதை அதிலேயே இருக்கிறது. முதல் வாரம் "சார்" என்று வந்துவிட்டாலும் ஒன்றும் ஆகிவிடாது.

புரோகிராம் எழுதி அனுப்பியதும், மற்றவர்கள் அதைப் படித்துப் பார்க்கும் ரிவ்யூவில் இருபது குறிப்பு வந்து நிற்கும். முதல் முறை முகம் சுருங்கும், எனக்கும் சுருங்கியது. ஒவ்வொரு குறிப்பையும் படித்து, புரிந்ததைத் திருத்தி, புரியாததை "இது ஏன் என்று சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். ஒரே தடவையில் ஆயிரம் வரி அனுப்பினால் யாரும் ஒழுங்காகப் படிக்க மாட்டார்கள், சின்னச் சின்னதாக அனுப்புங்கள். ஒரே குறிப்பு மூன்று முறை வந்தால் நோட்டில் போடுங்கள். நான்காம் முறை அது வரக் கூடாது.

"எப்போ முடியும்?" என்று கேட்டால் "இன்னைக்கே முடிச்சிடறேன்" என்பது நம் வாயில் தானாக வரும். கேட்பவர் அதை நம்பி கிளையன்ட்டிடம் வாக்குக் கொடுத்துவிடுவார். "பார்த்துவிட்டு மதியம் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். நாள் தவறும் என்று தெரிந்ததும் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். டெட்லைன் அன்று மாலை ஆறு மணிக்குச் சொல்லும்போதுதான் கோபம் வரும்.

கை நடுங்க வேண்டிய இடம்

ப்ரொடக்ஷன் என்பது உண்மையான மக்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர். அங்கே டேட்டாபேஸில் டெலீட் கட்டளை கொடுக்கும் முன், அதே நிபந்தனையோடு, எதையும் மாற்றாமல் எடுத்துக் காட்டும் செலக்ட் கட்டளையைப் போட்டு எத்தனை வரி வருகிறது என்று பாருங்கள். மூன்று வர வேண்டிய இடத்தில் மூன்று லட்சம் வந்தால் நிபந்தனை தப்பு. பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் தப்பு நடக்கும். கிட்ஹப் போலவே கிட் பதிவுகளை வைக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று, ராத்திரி வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பொறியாளர் தப்பான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புகளை அழித்துவிட்டார். நம்பியிருந்த பேக்கப்புகள் கைகொடுக்கவில்லை, சுமார் ஆறு மணி நேரத் தரவு திரும்பவில்லை. அந்த நிறுவனம் மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டியது, என்ன நடந்தது என்று விரிவாக எழுதி வெளியிட்டது. ஒருவரின் தலையில் பழியைப் போடாமல், பேக்கப் ஏன் ஓடவில்லை என்றுதான் அந்த அறிக்கை தோண்டியது. நீங்கள் தப்பு செய்த நிமிடமே டீம் லீடிடம் போய், "நான் இந்தக் கட்டளையைக் கொடுத்தேன், இத்தனை மணிக்கு, இது நடந்தது" என்று சொல்லுங்கள். மூடி மறைக்கும் ஒவ்வொரு நிமிடத்திலும் மீட்க வேண்டியது கூடிக்கொண்டே போகும்.

கம்பெனியின் புரோகிராமையோ வாடிக்கையாளர் தரவையோ அனுமதி இல்லாத ஏஐ கருவியில் ஒட்டாதீர்கள். இதில் விதிவிலக்கே வேண்டாம்.

நாள்பட நாள்பட

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து நிமிடம் ஒதுக்கி, அந்த வாரம் முடித்ததை நோட்டில் எழுதுங்கள். அப்ரைசல் (வருடாந்தர வேலை மதிப்பீடு) வரும்போது பத்து மாதத்துக்கு முன் செய்தது யாருக்கும் ஞாபகம் இருக்காது, உங்களுக்கும்தான். நோட்டு இருந்தால் "இந்தப் பக்கம் திறக்க எட்டு விநாடி ஆனது, இரண்டாகக் குறைத்தேன்" என்று எண்ணோடு பேசலாம்.

யாராவது தகாத முறையில் பேசினாலோ நடந்துகொண்டாலோ, பெண்களுக்குச் சட்டமே துணை இருக்கிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதில் யார் யார் என்று சேர்ந்த வாரமே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நடந்ததைத் தேதியோடு எழுதி வையுங்கள்.

வேறு வேலைக்குப் போக நினைத்தால், அடுத்த ஆஃபர் லெட்டர் கைக்கு வராமல் பேப்பர் போடாதீர்கள் (ராஜினாமா செய்யாதீர்கள்). நோட்டீஸ் பீரியட் பல இடங்களில் இரண்டு மூன்று மாதம். அந்த நாட்களில் வேலையை ஒழுங்காக ஒப்படைத்து, ரிலீவிங் லெட்டரை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அடுத்த கம்பெனி அதைக் கேட்கும்.

கிளம்புவதற்கு எவ்வளவோ முன்பே செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. சேர்ந்த முதல் மாதத்தில் உங்கள் கம்ப்யூட்டரைத் தயார் செய்ய எந்த வரிசையில் எதைச் செய்தீர்கள், எந்த ஆக்சஸுக்கு யாரிடம் டிக்கெட் போட்டீர்கள் என்று எழுதிய பக்கங்களை எடுத்து, டீம் டாக்குமென்ட்டில் சுத்தமாக டைப் செய்து போடுங்கள். விபிஎன் வரியை மறந்துவிடாதீர்கள். அடுத்து ஒரு புதியவர் சேரும்போது அந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள். ஏழாவது படியில் அவர் மாட்டிக்கொண்டால், பக்கத்தில் உட்கார்ந்து சரிசெய்துவிட்டு, அந்த வரியை அவர் கையாலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.